இளக்காரம் கிலோ என்ன விலை?

போன இதழில் ஒரு வாசகருக்கு, "இளக்காரம் காட்டுகிறவரைப் பார்த்தால் கொட்டாவி விடுங்கள்" என்று ஒற்றை வரியில் பதில் சொல்லியிருந்தேன். அது தேனிப் பக்கம் பலரைக் கிளப்பிவிட்டிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்பம் பள்ளத்தாக்கு. ஆகவே இந்த வாரம் கடை முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: ஆங்கிலத்தில் 'கண்டிசெண்டிங்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் ஒரே ஒரு சொல் சொல்லுங்கள் சார். தேர்வுக்கு வேண்டும். (கல்லூரி மாணவி, உத்தமபாளையம்)

பதில்: ஒரே சொல்லா? உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அரை டஜன் கிடைக்குமே அம்மா. இளக்காரம், இளப்பம், எகத்தாளம், மிதப்பு, பவுசு, தெனாவெட்டு, மட்டம் தட்டல். எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றில்லை. எகத்தாளத்துக்கு வாய் வேண்டும். மிதப்புக்கு நடை போதும். பவுசுக்குப் பார்ப்பதற்கு நாலு பேர் வேண்டும். தெனாவெட்டு கீழேயிருந்தும் மேலே போகும்: கூலியைக் கேட்டு முதலாளி முன்னால் கைகட்டாமல் நின்றவனுக்கும் 'தெனாவெட்டுப் பிடிச்சவன்' என்றுதான் பெயர் வைக்கிறார்கள். இளக்காரம் மட்டும் மேலேயிருந்து கீழேதான் இறங்கும். நீங்கள் கேட்ட ஆங்கிலச் சொல்லின் வேரும் 'இறங்குவது'தான். அதனால் இளக்காரம் என்றே எழுதுங்கள். "வட்டாரப் பேச்சையெல்லாம் எழுதுதே இந்தப் பொண்ணு" என்று மார்க்கைக் குறைத்தால், திருத்தியவருக்கு அந்தச் சொல்லின் பொருள் நன்றாகவே தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா 'துரைத்தனம்' என்பதை மரியாதையாகச் சொல்வார். பேரன் அதையே வசவாகச் சொல்கிறான். யார் சரி? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சின்னமனூர்)

பதில்: இருவரும் சரி ஐயா, நடுவில் நூறு வருடம் போய்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் துரைத்தனம் என்றால் அரசாங்கம். துரைத்தனத்தார் உத்தரவு என்றால் மறுபேச்சு கிடையாது. 'துரை' தெலுங்கிலிருந்து வந்தது என்கிறது அகராதி. உங்கள் பள்ளத்தாக்குக்கு அது வெள்ளைக்காரனுக்கு முன்பே பழக்கம். போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் என்று ஊர்ப்பெயரிலேயே நாயக்கர்கள் உட்கார்ந்திருக்கிறார்களே. அப்புறம் மலைமேல் எஸ்டேட்டுகள் வந்தன. மேலாளர் பெரிய துரை, உதவி மேலாளர் சின்ன துரை. இலங்கை மலையகத்தில் இன்றைக்கும் அந்தப் பெயர்கள் புழங்குகின்றன. துரைகள் கப்பலேறியபோது அரசாங்கம் என்ற பொருளையும் எடுத்துப் போய்விட்டார்கள், தோரணையை மட்டும் இங்கே விட்டுவிட்டார்கள்.

ஆங்கிலத்திலும் இதே சறுக்கல் நடந்திருக்கிறது. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் என்று ஒரு பாதிரியார் வருகிறார். தனக்குப் பதவி கொடுத்த சீமாட்டி எவ்வளவு 'கண்டிசென்ஷனோடு' பழகுகிறார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார். அப்போது அது பாராட்டுச் சொல், பெரிய இடத்துக்காரர் இறங்கி வந்து பேசுகிறாராம்! ஆஸ்டின் அந்தப் பூரிப்பைப் பார்த்துக் கமுக்கமாகச் சிரிக்கிறார். மேலே இருப்பவர் மேலேதான் இருக்கிறார் என்று ஊர் நம்புகிற வரைக்கும் இறங்கி வருவது பெருந்தன்மை. நம்பிக்கை போன அன்றைக்கு அதே செய்கை திமிர். உங்கள் தாத்தா நம்பினார். பேரன் நம்பவில்லை. பேரனுக்கு என் வாழ்த்து.

கேள்வி: நக்கல், இளக்காரம். வித்தியாசம் என்ன? (டீக்கடை பெஞ்சுக்காரர், தேனி)

பதில்: நக்கல் உங்கள் பெஞ்சில் நடப்பது. இரண்டு பேரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், திருப்பி வரும் என்று தெரிந்தே அடிக்கிறீர்கள், வராவிட்டால்தான் ஏமாற்றம். இளக்காரம் பதிலை எதிர்பார்ப்பதே இல்லை. பதில் வந்தால் "இவனுக்குப் பேசக்கூடத் தெரியுமா" என்று ஆச்சரியப்படும். தொல்காப்பியர் சிரிப்புக்கு நான்கு காரணங்கள் சொல்லி, முதல் இடத்தை எள்ளலுக்குக் கொடுத்தார். எள்ளியவன் சிரித்தானா, எள்ளப்பட்டவன் சிரித்தானா என்பதை உரைகாரர்களுக்கு விட்டுவிட்டார். பெஞ்சில் இருவரும் சிரித்தால் நக்கல். டீ காசை யார் கொடுப்பது என்பது வேறு தகராறு.

கேள்வி: ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் கம்பமெட்டு வழியாக ஜீப்பில் கேரளா போய் வருகிறேன். அங்கே சில பேர் எங்களைப் 'பாண்டி' என்கிறார்கள். அது வசவா, வெறும் பெயரா? என்ன பதில் சொல்லலாம் அண்ணே? (தோட்டத் தொழிலாளி, கம்பம்)

பதில்: தங்கச்சி, முதலில் சிரித்துக்கொள்ளுங்கள். மதுரையில் பாண்டி கோயில். தேனி தாண்டினால் வீரபாண்டி, அங்கே சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே கூடும். உங்கள் ஜீப்பிலேயே ஒரு பாண்டியம்மாளோ பாண்டீஸ்வரியோ இல்லாமல் இருக்காது. ஓட்டுநர் பெயர் பாண்டியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. சாமி பெயரைச் சொல்லி வைதால் நாம் என்ன செய்வது, "என்ன சேட்டா?" என்று திரும்பிப் பார்க்க வேண்டியதுதான்.

பாண்டிய நாட்டுக்காரர் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள். ராஜா பெயர். ராஜா பெயர் வசவாக மாறியது எப்படி? அந்த நாட்டிலிருந்து மலையேறி வருகிறவர்கள் கூலிக்கு வருகிறவர்களாகவே இருந்ததால். சொல் இறங்கவில்லை, சொல்லப்பட்ட ஆளின் சம்பளத்தைப் பார்த்துச் சொல்லின் விலையைக் குறைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே கேரளத்தில் பாண்டி என்றால் கைகூப்பும் இடங்களும் உண்டு. திருச்சூர் பூரத்தில் வடக்குநாதர் கோயிலுக்குள் இலஞ்சித்தற மேளம் முழங்குகிறதே, ஆயிரக்கணக்கானவர்கள் கையை வீசி வீசி ரசிக்கிறார்களே, அது பாண்டி மேளம். பந்தளம் அரச வம்சமும் பூஞ்சாறு அரச வம்சமும் பாண்டிய வழி வந்தவர்கள் என்பது அங்கே வழங்கும் வரலாறு. 1877இல் மூணாறு மலைகளை மன்றோ துரைக்கு எழுதிக்கொடுத்தவர் பூஞ்சாறு ராஜா. பந்தளத்து ராஜா வளர்த்த பிள்ளை ஐயப்பன். ஆக, உங்களை அப்படிக் கூப்பிடுகிறவர் ஏலம் விளையும் மலைக்கும் கும்பிடும் சாமிக்கும் பாண்டிச் சம்பந்தம் வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறார்.

கார்த்திகையில் கம்பம், குமுளி வழியாகப் போகிறவனுக்கு மாலை கழுத்தில் இருக்கும் வரை 'சாமி' பட்டம். தை பிறந்து மாலையைக் கழற்றினால் பாண்டி. ஆள் அதே ஆள்தான்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லா மலையாளியும் இதைச் சொல்வதில்லை. சொல்கிறவர்களிலும் பலர் பழக்கத்தில் சொல்கிறார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றி, கம்பத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்த நாட்களில் அந்தச் சொல் எப்படி ஒலித்திருக்கும் என்பது வேறு. ஒரே சொல்தான், சொல்கிறவரின் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: தோளில் இருந்தால் விட்டுவிடுங்கள், இடுப்பில் இருந்தால் உங்கள் பெயரைச் சொல்லி, "இனிமே இப்படிக் கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள். பெயரைக் கேட்ட பிறகும் பாண்டி என்றால், பழக்கம் என்ற சாக்கு செல்லாது.

கேள்வி: நாம் மட்டும் யோக்கியமா? (பெயர் வெளியிட வேண்டாம் என்பவர், கூடலூர்)

பதில்: இல்லை. பெயர் வெளியிட வேண்டாம் என்று சொல்லும்போதே உங்களுக்கும் பதில் தெரிந்திருக்கிறது. கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் 'வடக்கன்'. அவனுக்கும் வீட்டில் ஒரு பெயர் வைத்துத் தொட்டிலில் போட்டிருப்பார்கள். பாண்டி என்றால் நமக்குச் சுருக்கென்கிறது. வடக்கன் என்றால் திசையைத்தானே சொன்னோம் என்கிறோம்.

இன்னும் கிட்டே வருகிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து போனவர்களை அங்கிருந்த தமிழர்களே 'தோட்டக்காட்டான்' என்றார்கள். மொழி ஒன்று, சாமி ஒன்று, சோறு ஒன்று. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. திரும்பி வந்தவர்களை நாம் எப்படி அழைத்தோம்? 'சிலோன்காரன்'. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். இரண்டு கரையிலும் இளக்காரத்துக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை.

கேள்வி: எதைக் கேட்டாலும் எல்லாம் தெரிந்தவர் மாதிரி பதில் சொல்கிறீர்களே, இதுவும் இளக்காரம்தானே? (தேவாரம் வாசகர்)

பதில்: கேட்டால் சொல்வது கேள்வி-பதில். கேட்காமல் உங்கள் வாசலுக்கு வந்து சொன்னால்தான் நீங்கள் சொல்வது. தபால்தலை ஒட்டியது நீங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்து 'பாவம்' என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு ஏன் எரிகிறது? (கணவரை இழந்த பெண், பெரியகுளம்)

பதில்: எரிவது சரிதான் அம்மா. தமிழில் இதைவிட மெத்தென்ற ஆயுதம் கிடையாது. திட்டினால் திருப்பித் திட்டலாம், எகத்தாளத்துக்கு எதிர் எகத்தாளம் உண்டு. 'பாவம்' என்றவரை என்ன செய்வீர்கள்? முகம் சுளித்தால் "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்பார், ஊர் அவர் பக்கம் நிற்கும். உங்கள் கதையை ஒரே சொல்லில் முடித்து, கையில் கொடுத்து, காபியும் குடித்துவிட்டுப் போய்விடுவார். தட்டிக்கொடுப்பதும் மட்டம் தட்டுவதும் ஒரே கையால்தான் நடக்கின்றன. தட்டுகிற கைக்கே சில நேரம் எது என்று தெரிவதில்லை.

பரிதாபத்துக்கும் பாதகத்துக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. மலையாளத்திலும் அப்பிராணிகளைப் 'பாவம்' என்பார்கள். குமுளி சோதனைச் சாவடியில் வரி கட்டாமல் இரண்டு பக்கமும் போய்வரும் ஒரே சரக்கு இதுதான்.

இரக்கமே கூடாதா என்று கேட்பீர்கள். கூடும், கேள்வியோடு வந்தால். "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்கிறவர் இரக்கப்படுகிறார். கேட்காமலே முடிவு செய்கிறவர் உங்களைவிட ஒரு படி மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வருசநாட்டு மலைப்பக்கம் பளியர் குடியிருப்புகளுக்குப் போர்வையும் பிஸ்கட்டும் கொண்டுபோய்க் கொடுத்து, வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு, "பாவம், ஒண்ணும் தெரியாத சனம்" என்று இறங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாறை விளிம்பில் தேன் எடுக்கவும் காட்டில் வழி கண்டுபிடிக்கவும் தெரிந்த சனம் அது. படம் எடுத்தவருக்கு அங்கே சிக்னல் போனால் திரும்பி வர வழி தெரியாது. 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு நிலத்திலும் காட்டு விளைபொருளிலும் உரிமை இருக்கிறது என்கிறது. அவர்கள் கேட்பது அந்தப் பட்டா. போர்வை சுலபம், படத்திலும் நன்றாக விழும்.

அடுத்த தடவை அந்தச் சொந்தக்காரர் வந்து 'பாவம்' என்றால், "ஆமாம், ரேஷன் கடைக்குப் போகணும், கொஞ்சம் வண்டியில கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேளுங்கள். எது இரக்கம் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

கேள்வி: துரைத்தனத்தைத் திட்டுகிறீர்கள். எங்கள் வயிற்றுக்குச் சோறு போட்டவர் பென்னிகுவிக் துரை அல்லவா? (விவசாயி, பாலார்பட்டி)

பதில்: அவரைத் திட்ட எனக்கு என்ன பைத்தியமா? 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர். லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15 அவர் பிறந்தநாள், உங்கள் ஊர்ப் பொங்கலில் அவருக்கும் பங்கு. பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைக்கிறீர்கள். அந்தக் கடனை நீங்கள் மறக்கவில்லை என்பது பெரிய விஷயம்.

ஆனால் "வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு யோசனையே வந்தது" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதில்தான் நம்மை நாமே மட்டம் தட்டிக்கொள்கிறோம். 1789இலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை பெரியாற்றைத் திருப்ப முடியுமா என்று ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். முடியும் என்று தெரிந்தது, பணம்தான் இல்லை. அப்புறம் 1808இல் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வந்து பார்த்தார். (திருநெல்வேலி பிஷப் கால்டுவெல் இல்லை, அவர் அப்போது பிறக்கவே இல்லை.) இது பகற்கனவு, மேற்கொண்டு திரும்பிப் பார்க்கவும் தகுதியில்லாதது என்கிற தொனியில் எழுதிவைத்துவிட்டுப் போனார். எண்பத்தேழு வருடம் கழித்து அந்தப் பகற்கனவில் தண்ணீர் ஓடியது. ஒரு துரை 'நடக்காது' என்றதை இன்னொரு துரை நடத்தினார். நடக்கும் என்று முதலில் சொன்னவருக்கு ஒரு சிலைகூட வேண்டாம், பொங்கல் வைக்கும்போது பெயரையாவது சொல்லலாம். மலேரியாவில் செத்த கூலிக்காரர்கள் பெயர் யாருக்கும் தெரியாது, அவர்களுக்குச் சேர்த்து ஒரு கரண்டி.

கேள்வி: நான் படித்தது கள்ளர் சீரமைப்புப் பள்ளியில். பெயரைச் சொன்னால் சென்னையில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பெயரை மாற்ற வேண்டுமா? (வங்கி ஊழியர், ஆண்டிபட்டி)

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளி என்றது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அதே அரசாங்கம்தான் இன்னொரு கையால் பள்ளிக்கூடமும் திறந்து, 'ரெக்லமேஷன்' என்று பெயர் வைத்தது. தரிசு நிலத்தைத் திருத்தி வயலாக்குவதற்குச் சொல்கிற சொல் அது. கைரேகைச் சட்டம் பயமுறுத்தியது. இந்தப் பெயர் 'உன்னைச் சரிசெய்கிறோம்' என்று கன்னத்தைத் தட்டியது. இரண்டில் எது அதிகம் வலித்திருக்கும் என்று அந்தக் காலத்துப் பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் ஒழிந்தது, பெயர் பலகையில் தங்கிவிட்டது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகள் பல தலைமுறைகளைப் படிக்கவைத்துவிட்டன. அதனால்தான் பெயரை எடு என்று வெளியிலிருந்து யாராவது சொன்னால், உள்ளேயிருப்பவர்கள் "பெயரோடு சேர்த்துப் பள்ளியையும் எடுத்துக்கொண்டு போவீர்களா?" என்று சந்தேகப்படுகிறார்கள். சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாற்றுவதா வேண்டாமா என்பதை அங்கே படித்தவர்களும் படிக்கிறவர்களும் சொல்லட்டும். ஒரு மாதிரி பார்க்கும் சென்னைக்காரரிடம் உங்கள் வங்கியில் கடன் கேட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: டாக்டர் என் எழுபது வயது அப்பாவிடம் "நாம மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டோமா?" என்று கேட்கிறார். அது என்ன 'நாம'? (போடி வாசகி)

பதில்: தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே, 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. டாக்டர் உங்கள் அப்பாவைக் குழந்தையாக்கி மடியில் உட்காரவைக்கத்தான் உள்ளே இழுக்கிறார். கசப்பு மாத்திரை ஒருவருக்கு, 'நாம' இரண்டு பேருக்கு. அடுத்த முறை அப்பாவிடம், "சாப்பிட்டோம் டாக்டர், உங்களுக்குத்தான் கொஞ்சம் குமட்டுச்சு" என்று சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பதினைந்து வயதுப் பையன் ஐம்பது வயதுக் கூலிக்காரரை 'டேய்' என்கிறான். கேட்டால், "பழக்கம்" என்கிறார்கள். இதுவும் இளக்காரம்தானே? (நாலாவது தெரு இளைஞர், ஊர் வேண்டாம்)

பதில்: இதற்கு இளக்காரம் என்று பெயர் வைத்தால் குற்றத்துக்குத் தள்ளுபடி கொடுத்த மாதிரி ஆகும். பையனுக்கு வயது தெரியும், எண்ணத் தெரியும். அவன் எண்ணுவது வயதை இல்லை, தெருவை. பட்டியலின, பழங்குடி மக்களை அவமானப்படுத்தும் எண்ணத்தோடு பொது இடத்தில் இழிவுபடுத்துவதை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும் அதில் தனியாக வருகிறது. பழக்கம் என்பது அந்தச் சட்டத்தில் விதிவிலக்கு இல்லை. பையனின் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். பையனிடம் வேண்டாம், அவன் கற்றுக்கொண்டது வீட்டில்.

கேள்வி: பாரதிராஜா எங்கள் ஊர்க்காரர். இந்த விஷயத்தில் அவர் படத்தில் ஏதாவது உண்டா? (அல்லிநகரம் ரசிகர்)

பதில்: இல்லாமலா? முதல் படமே அதுதான். 1977இல் வந்த '16 வயதினிலே'யில் ஊர் முழுக்கச் 'சப்பாணி' என்று கூப்பிடும் ஆளுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது. அதை நினைவு வைத்திருக்க ஒரு மயில் தேவைப்பட்டாள். அப்படிக் கூப்பிடுகிறவனை அறைந்துவிடு என்று அவள் சொல்லிக்கொடுக்கிறாள், அறையும் விழுகிறது, தியேட்டரில் விசில் பறக்கிறது. விசிலடித்தவர்கள் வெளியே வந்து அவரவர் ஊர்ச் சப்பாணியை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று யாரும் படம் எடுக்கவில்லை.

கேள்வி: முப்பது வருடமாக ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். நேற்று வேலைக்குச் சேர்ந்த சூப்பர்வைசர் தம்பி எனக்கு எட்டு எம்எம் காய் எப்படி இருக்கும் என்று விளக்குகிறார். (கிட்டங்கித் தொழிலாளி, போடிநாயக்கனூர்)

பதில்: இதற்கு ஆங்கிலத்தில் 'மேன்ஸ்பிளெயினிங்' என்று பெயர் வைத்து உலகம் முழுக்கப் பேசுகிறார்கள் அக்கா. ரெபேக்கா சோல்னிட் 2008இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்த பிறகுதான் அந்தச் சொல் பரவியது. அவருக்கே அவர் எழுதிய புத்தகத்தைப் பற்றி ஒருவர் விருந்தில் விளக்கினாராம்! தமிழில் நாம் இதை எப்போதோ 'கிளாஸ் எடுக்கிறான்' என்று முடித்துவிட்டோம். தம்பி பேசி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி அள்ளி, விரலால் உருட்டிப் பிரித்து வையுங்கள். அப்புறம் சல்லடையை அவர் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பதிலடி, கிண்டல் எல்லாம் சரி. இளக்காரம் செய்கிறவர்களை உண்மையில் யாராவது ஜெயித்திருக்கிறார்களா? (அவநம்பிக்கைக்காரர், கோம்பை)

பதில்: உங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கமே பாருங்கள். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததற்கு எதிராகச் சாலையில் உட்கார்ந்தார்கள். தலைவர்கள் ஓடி வந்தார்கள். "நாங்க பாத்துக்குறோம், நீங்க வீட்டுக்குப் போங்க" என்பதுதான் வழக்கமான வசனம். பெண்கள் தலைவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எந்தக் கொடிக்கும் இடமில்லை, பேச்சுவார்த்தைக்கும் நாங்களே போவோம் என்றார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் வந்தது. அதன் பிறகு எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். கூலி உயர்வுக்கான போராட்டம் இழுத்தது, அமைப்புக்குள் பிளவு வந்தது, இரண்டு வருடம் கழித்து ஓர் அமைச்சரே அவர்களைக் கேவலமாகப் பேசி மாட்டிக்கொண்டார். ஆனால் அந்த ஒன்பது நாளும் அவர்கள் செய்தது ஒன்றுதான்: மேலே இருப்பதாக நினைத்தவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஏறெடுத்துப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் உயரத்துக்கு என்ன வேலை?

கேள்வி: பெங்களூரில் இருக்கும் என் மகள் போனில் எதைக் கேட்டாலும் "அம்மா, உனக்குப் புரியாது" என்கிறாள். (ராயப்பன்பட்டி தாய்)

பதில்: தீபாவளிக்கு வரும்போது அதிரசப் பாகு எந்தப் பதத்தில் இறக்குவது என்று கேட்பாள். அப்போது சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், அதுதான் அவளுக்கும் உங்களுக்கும் வித்தியாசம்.

கேள்வி: பன்னீர் திராட்சையைக் "கொட்டை இருக்கே" என்று ஒதுக்குகிறவர்களை என்ன செய்யலாம்? (திராட்சை விவசாயி, சுருளிப்பட்டி)

பதில்: 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. கொட்டையோடுதான் கிடைத்தது. துப்பத் தெரியாதவர்கள் ஜூஸ் குடிக்கட்டும்.

கேள்வி: சென்னை மச்சான் ஒவ்வொரு தடவையும், "உங்க ஊருக்கு ரயில் வந்துருச்சா?" என்று இளிக்கிறார். பதில் எழுதிக்கொடுங்கள். (மாப்பிள்ளை, தேனி)

பதில்: அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 முடிவில் நிறுத்திய ரயில் தேனிக்கு 2022 மே மாதம்தான் திரும்பியது, போடிக்கு 2023 ஜூனில். பன்னிரண்டு வருடம் உங்கள் மச்சான் கேலி செய்ததில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்று ஒத்துக்கொள்ளுங்கள். இப்போது இப்படிச் சொல்லுங்கள்: "வந்துருச்சு மச்சான். ஏறி வாங்க. வரும்போது அந்தத் தண்ணி கேனைத் தூக்கிட்டு வராதீங்க, இங்க குழாய்ல வருது."